பையில் என்ன இருந்தது?

ஆசிரியருக்கு,

போர்முனை நிருபர்களின் வீரத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறோம். அவர்கள் பையில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ரத்தம் நிற்காமல்தான் இறந்தார். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களே அவகாசம். டூர்னிகே எனும் இறுக்குப்பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்ட வேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருகி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலிக்கிறதே என்று தளர்த்துவதுதான் வழக்கமான தவறு. பட்டை பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. ஒரு கைக்கு எட்டும்படி உடுப்பின் வெளியே தொங்கட்டும்.

கவச உடுப்பையும் அதிகம் நம்பிவிடுகிறார்கள். துணிக்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ரைஃபிள் குண்டுக்குத் தகடு வேண்டும். அந்தத் தகடும் மார்பையும் முதுகையும்தான் மூடும், தொடையை அல்ல.

இத்தனை ஆபத்துக்கும் பலன்? விருது என்று சொல்லமாட்டேன். 1999இல் கிழக்குத் திமோரின் டிலியில், ஐ.நா. வளாகத்தில் சிக்கிய சுமார் 1,500 பேரை விட்டு வெளியேற மறுத்து போர்முனை நிருபர் மேரி கொல்வின் எழுதினார். சில நாட்களில் அவர்கள் மீட்கப்பட்டார்கள். 2001இல் வன்னியிலிருந்து திரும்புகையில் இடக்கண்ணை இழந்தவரும் அவரே. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸில் கொல்லப்பட்டார்.

சம்பள நிருபருக்காவது நிறுவனம் காப்பீடு எடுக்கும். கூடவே போகும் உள்ளூர் மொழிபெயர்ப்பாளருக்கும் ஓட்டுநருக்கும்? அந்தத் தொகையைச் செய்திச் செலவில் சேர்க்காத நாளிதழ் யாரையும் போர்முனைக்கு அனுப்பக் கூடாது.

– முதலுதவிப் பயிற்றுநர் ஒருவர், திருச்சி