யுனைடெட் ஆகாதுதான், அதற்காக மியூனிக் பாட்டு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகளான லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதும் வாரங்களில் விளையாட்டுப் பக்கங்களில் ‘பரம வைரிகள்’ என்று தலைப்பு வருகிறது. அரங்கில் ஏதாவது அசிங்கம் நடந்துவிட்டால் மறுநாள் ‘ரசிகர்களின் வெறி’ என்று இன்னொரு தலைப்பு. இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல எழுதுவது எனக்கு உறுத்துகிறது. நான் லிவர்பூல் ரசிகன். யுனைடெட் எனக்கு ஆகவே ஆகாது. அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்குமே இல்லாத ஒன்றைத்தான், எதிர்த்தரப்பின் விபத்துச் சாவுகளைக் கேலி செய்யும் பாட்டைத்தான், அரங்கில் சிலர் பாடுகிறார்கள்.

லிவர்பூல் துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் கட்டுப்படியாகாமல், மான்செஸ்டர் வியாபாரிகள் 36 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிக் கப்பலைத் தங்கள் ஊருக்கே வரவழைத்துக்கொண்டார்கள். 1894 ஜனவரியில் போக்குவரத்து தொடங்கியது. மே மாதம் விக்டோரியா மகாராணி முறைப்படி திறந்துவைத்தார். இந்த இரண்டுக்கும் நடுவில், ஏப்ரல் 28 அன்று, இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்த லிவர்பூலும் முதல் டிவிஷனில் கடைசியாக வந்த நியூட்டன் ஹீத்தும் பிளாக்பர்னில் மோதின. 2-0 என்று வென்ற லிவர்பூல் மேலே ஏறியது, நியூட்டன் ஹீத் கீழே இறங்கியது. 1902-ல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது அந்த நியூட்டன் ஹீத்தான். ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். யுனைடெட் சின்னத்தில் உள்ள கப்பல், கால்வாய் வெட்டி எங்களை மட்டம் தட்டியதன் அடையாளம் என்று பலர் எழுதுகிறார்கள். மான்செஸ்டர் நகரச் சின்னத்தில் அந்தக் கப்பல் 1842-லேயே இருக்கிறது. அப்போது கால்வாயும் இல்லை, இரண்டு கிளப்புகளும் இல்லை.

பங்காளிச் சண்டையில் இருப்பதுபோல இதிலும் உள்ளுக்குள் உறவு உண்டு. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி ஆட்டத்தில் யுனைடெட் 2-0 என்று வென்றது. அந்த ஸ்கோரை இரு அணி வீரர்களும் முன்கூட்டியே பேசிவைத்துப் பந்தயம் கட்டியிருந்தார்கள். யுனைடெட்டில் 3 பேர், லிவர்பூலில் 4 பேர் ஆயுள் தடை பெற்றார்கள். அந்தப் புள்ளிகள்தான் யுனைடெட்டை இறங்கவேண்டிய இடத்திலிருந்து காப்பாற்றின. மேனேஜராக யுனைடெட்டை உலகறியச் செய்த மேட் பஸ்பி, போருக்கு முன் லிவர்பூலுக்கு ஆடியவர், கேப்டனாகவும் இருந்தவர். 1964-ல் பில் சிஸ்னல் யுனைடெட்டிலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். அதற்குப் பின் இரு கிளப்புகளுக்கும் இடையே நேரடியாக ஒரு வீரர்கூட விற்கப்பட்டதில்லை. 2007-ல் யுனைடெட் வீரர் கேப்ரியல் ஹைன்சே லிவர்பூலுக்கு வர விரும்பி, விவகாரம் பிரீமியர் லீக் விசாரணைக் குழுவரை போனது. தீர்ப்பு யுனைடெட் பக்கம். அவர் ரியல் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் தரப்பில் ஆறாத புண் 1977. லீக் பட்டம் கையில், ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு நான்கே நாள், நடுவில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் யுனைடெட். இரண்டாம் பாதியில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கோல். யுனைடெட்டின் பியர்சன் அடித்தார், எங்கள் ஜிம்மி கேஸ் திருப்பி அடித்தார். பிறகு யுனைடெட்டின் மக்காரி அடித்த பந்து, வழியில் நின்ற அவர்கள் வீரர் ஜிம்மி கிரீன்ஹாஃபின் மார்பில் பட்டுத் திசை மாறி எங்கள் கோல்கீப்பர் கிளெமென்ஸைத் தாண்டி வலைக்குள் போனது. 2-1. சில நாளில் ரோமில் ஐரோப்பியக் கோப்பையும் லிவர்பூலுக்கே வந்தது. மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் இங்கிலாந்து கிளப் என்ற பெயர் அந்த மார்பில் பட்டுப் போயிற்று. 1999-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது யாரென்றால், அதுவும் யுனைடெட்!

லீக் பட்டக் கணக்கும் அப்படித்தான். 1990-ல் எங்களிடம் 18, அவர்களிடம் 7. 2011-ல் அவர்களுக்கு 19 ஆனது. நாங்கள் 19-ஐத் தொட 2020 வரை காத்திருந்தோம். 2025-ல் இருபதுக்கு இருபது. இதைச் சொல்லிக் குத்திக்காட்டலாம், பாட்டுக் கட்டலாம், வருடக்கணக்கில் மல்லுக்கட்டலாம். யாருக்கும் சேதமில்லை.

இனி அந்த மற்றப் பாட்டு. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில், ஓடுபாதையில் பனிச்சேறு கிடக்க, மூன்றாம் முறை மேலெழ முயன்ற விமானம் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் யுனைடெட் வீரர்கள். எங்கள் பக்கத்தில் சிலர் இரு கைகளையும் விரித்து விமானம்போல் சாய்ந்து காட்டுவது இதைத்தான். 1989 ஏப்ரல் 15 அன்று லிவர்பூல் ஆடிய ஆட்டத்தில், ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் வெளி வாயிலைத் திறக்கப் போலீஸ் உத்தரவிட்டது. ஏற்கெனவே நிரம்பிவழிந்த, வேலியடைத்த நடுக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கவழியை யாரும் அடைக்கவில்லை. லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். ரசிகர்கள்மேல் தவறில்லை என்று 2016-ல் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி முடிவு சொன்னது. அவர்கள் பக்கத்தில் சிலர் பாடும் பாட்டு அந்த முடிவுக்கே எதிரான பொய். பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் நடந்ததையும் நாங்கள் மறைக்கக்கூடாது. 1985-ல் நடுநிலைப் பார்வையாளர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள் இருந்தார்கள், இடையில் வெறும் கம்பி வலை. லிவர்பூல் ரசிகர்கள் அதைத் தாண்டிப் பாய்ந்தார்கள். ஒதுங்கி ஓடியவர்கள்மேல் சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள்.

இந்தப் பாட்டுகள் எப்படிக் கிளம்புகின்றன என்று பாருங்கள். பிரீமியர் லீக் விதிப்படி எதிரணி ரசிகர்களுக்கு 3,000 இடம், அல்லது அரங்கின் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அது. அவர்கள் ஒரே மூலையில் நெருங்கி உட்காருகிறார்கள். ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்க 1985-லிருந்து சட்டம் தடை போடுகிறது. அதனால் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் கேலரிக்கு அடியில் உள்ள கான்கிரீட் நடைகூடத்தில் கூட்டம் சேர்கிறது. தாழ்ந்த கூரை, நல்ல எதிரொலி. நாலு பேர் எடுத்துக்கொடுத்தால் நாற்பது பேர் போலக் கேட்கும். மெட்டு பழகியது, முதல் வரி சாதாரண வரி. வார்த்தை புரிவதற்குள் பக்கத்தில் இருப்பவரும் கைதட்டத் தொடங்கிவிடுகிறார்.

அங்கே இருப்பவர்கள் பாட்டை எடுத்துக்கொடுக்கும் ஆளோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கக்கூடாது, கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடிதடியில்தான் முடியும். பிளாக், வரிசை, இருக்கை எண், ஆட்ட நிமிடம், இந்த நான்கையும் குறித்து ஸ்டீவர்டிடம் (அரங்கக் கண்காணிப்பு ஊழியரிடம்) சொல்லவேண்டும். கேமராவைத் திருப்ப அவர்களுக்கு இருக்கை எண் வேண்டும். ‘பின்னால் யாரோ’ என்பது பயன்படாது. பிடிபட்டால் தண்டனை உண்டு. 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் 97 என்ற எண்ணை வைத்துக் கேலி எழுதிய சட்டை அணிந்தவருக்கு 1,000 பவுண்டு அபராதமும் 4 ஆண்டு அரங்கத் தடையும் கிடைத்தன. அதே ஆண்டு மார்ச்சில், அப்போதைய மேனேஜர்களான லிவர்பூலின் க்ளாப்பும் யுனைடெட்டின் டென் ஹாக்கும் சேர்ந்து, இப்படிப் பாடாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் எங்கள் ஆன்ஃபீல்டு அரங்கில் லிவர்பூல் 7-0 என்று யுனைடெட்டை வென்றது. பாட எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அரங்கில் இப்படிப் பாடினால், எந்த விபத்தைக் கேலி செய்தார்கள், எத்தனை பேர் பிடிபட்டார்கள், என்ன தண்டனை என்று எழுதுங்கள். அந்த வரிகளை மட்டும் அச்சிடாதீர்கள். ‘பரம வைரிகள்’ தலைப்பை 1977-க்கும் 7-0-க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லிவர்பூல் ரசிகன்