ரதி அழுகிறாள், சத்தம் வரவில்லை

தலவாக்கலை
2025 மார்ச் 28

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: 43 அங்குல டீவியில் கேமரா வீடியோவுக்குச் சத்தம் வராதது பற்றிய முறைப்பாடு

ஐயா / அம்மணி,

இது நான் உங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதலாவதை ஆங்கிலத்தில் எழுதினேன். "உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதோடு சரி. அதனால் இந்த முறை எனக்குக் கைவந்த மொழியிலேயே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள் என்று உங்கள் தொலைபேசி சொல்கிறது, ஆகவே தமிழ் வாசிக்க அங்கே ஆள் இருப்பார் என்று நம்புகிறேன்.

ஜனவரி 10ஆம் திகதி, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஹட்டன் டவுனில் உங்கள் கிளையில் இந்த டீவியை வாங்கினேன். விலை 119,900 ரூபாய். பாதியைக் கையில் கொடுத்துவிட்டு மீதியைத் தவணைக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அண்ணி கொழுந்து பறிக்கிறவர். எந்தச் சாமானின் விலையையும் அவர் 'பேர்' கணக்கில்தான் பார்ப்பார், பேர் என்றால் தோட்டத்தில் ஒரு முழு நாள் கூலி. ஒரு பேருக்கு 1,350 ரூபாய் என்றால் இந்த டீவி 89 பேர். அரைப் பேர் விழுகிற நாட்களைச் சேர்க்காமல் சொன்ன கணக்கு இது என்பதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

வாங்கும்போது நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கேமராவில் எடுத்த வீடியோவை பென் டிரைவில் போட்டால் ஓடுமா?" விற்பனையில் நின்ற தம்பி, "எல்லாம் ஓடும் டீச்சர், 4கேயே ஓடும்" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். யூஎஸ்பி படத்துக்குப் பக்கத்தில் எம்பி4 என்று அச்சடித்திருந்தது. மயில் தோகை விரிக்கும் வீடியோ ஒன்றையும் போட்டுக் காட்டினார். அந்த மயிலுக்குச் சத்தம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கடைக்குள் வேறு பாட்டு போட்டிருந்தார்கள், கவனிக்கவில்லை.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் அப்பா. அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து மாஸ்டர். சிவன் காமனை எரிப்பதையும் அவன் மனைவி ரதி அழுவதையும் ஆடிக் காட்டும் கூத்து அது. இளவட்டங்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர். இரண்டு வருஷமாக முழங்கால் விடவில்லை. கூத்து நடக்கும் காமன் பொட்டல் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே இருக்கிறது, மழையில் வழுக்கும் படிகள். பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போவதா என்று அவருக்கு ரோஷம். இந்த மாசியில் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான், கையில் நல்ல கேமரா. காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து காமன் எரிகிற இரவு வரை எடுத்தான். அப்பாவை வீட்டிலேயே உட்காரவைத்துப் பெரிய திரையில் காட்டலாம் என்பதுதான் எங்கள் திட்டம்.

முதல் நாள் கார்டை ரீடரில் செருகி டீவியில் குத்தினோம். சாதனம் இல்லை என்றது. அது 64 ஜிபி கார்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில்தான் வரும், உங்கள் டீவிக்கு அது தெரியாது. சரி, பழைய பென் டிரைவுக்கு மாற்றலாம் என்று பார்த்தால் அது ஃபேட் 32 என்ற பழைய முறை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தம்பியின் கேமரா வினாடிக்கு 50 மெகாபிட் எடுக்கிறது, பதினோரு நிமிடத்திலேயே 4 ஜிபி முடிந்துவிடும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பதற்கு முன்பு நடக்கும் வாக்குவாதமே அதற்கு மேல் போகும். கடைசியில் பள்ளிக்கூடத்து பென் டிரைவை என்டிஎஃப்எஸ் என்ற வேறொரு முறைக்கு மாற்றி, அதில் ஏற்றி, ஒருவழியாகப் படம் வந்தது.

படம் அருமையாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பந்த வெளிச்சத்தில் ரதியின் முகத்து அரிதாரம் வேர்வையில் கரைவதுகூடத் தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. திரையின் மூலையில், "ஆடியோ வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. தப்புப் பறை அடிக்கிறவர்களின் கை போய்ப் போய் வருகிறது, ஒன்றும் கேட்கவில்லை. ரதி மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பா நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு தானே அந்த ஒப்பாரியைப் பாட ஆரம்பித்தார். மூச்சு வாங்கி அவர் ஒரு அடியை முடிப்பதற்குள் திரையில் ரதி அடுத்த அடிக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். பிறகு, "அதை நிப்பாட்டு" என்றார்.

உங்கள் இலக்கத்துக்கு மூன்று தடவை எடுத்தேன். முதல் தடவை, "அது கேமராவின் பிழை" என்றார்கள். இரண்டாவது தடவை, டீவியைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கினிகத்தேனை வளைவுகளில் 43 அங்குலக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவது எப்படி என்று கேட்டேன், இணைப்பு அறுந்துவிட்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கண்டியிலிருந்து ஒரு திருத்துநர் வந்தார். நல்ல மனிதர், தேத்தண்ணி குடித்தார், டீவியைப் பழையபடி ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனார். சத்தம் வரவில்லை. தேடி வைத்திருந்த சேனல்களும் போய்விட்டன. போக்குவரத்துச் செலவு என்று 3,500 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். டீவியில் பிழை எதுவும் இல்லாததால் அது செல்லாதாம்.

பிழை இருக்கிறதா இல்லையா என்பதை இனி நான் சொல்கிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், இதை இரண்டு வாரம் குடைந்திருக்கிறேன்.

எம்பி4 என்பது பெட்டியின் பேர் மட்டும்தான். ஃபெக்டரியிலிருந்து போகிற தேயிலைப் பெட்டி மாதிரி, உள்ளே பீஓபீ ரகத் தேயிலையும் இருக்கலாம், டஸ்ட் என்கிற தூள் ரகமும் இருக்கலாம். வீடியோ கோப்பு என்றால் உள்ளே படத்துக்கு ஒரு முறை, சத்தத்துக்கு ஒரு முறை. தம்பியின் கேமரா எழுதுவது எக்ஸ்ஏவிசி எஸ் என்ற வகை, 2013இல் சோனி கொண்டுவந்தது. பெட்டி எம்பி4, படம் எச்.264, சத்தம் எல்பிசிஎம். எச்.264 உங்கள் டீவிக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் படம் வந்தது. திணறியது எல்பிசிஎம்மில்.

வேடிக்கை என்னவென்றால், சத்த வகைகளிலேயே எளியது அதுதான். எந்தச் சுருக்கமும் இல்லை. வினாடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து எண்களை அப்படியே வரிசையாக எழுதிவைப்பது. 1982இல் கடைக்கு வந்த சீடியில் இருப்பதும் இதே முறைதான், அளக்கும் வேகம் மட்டும் அதில் கொஞ்சம் குறைவு. ஏஏசி, எம்பி3 என்றால் சுருக்கியதை விரிக்க வேண்டும். இதில் விரிக்க ஒன்றுமே இல்லை. சோற்றை வடித்துத் தட்டில் போட்டுக் கொடுத்த பிறகு, சமைக்கத் தெரியாது, அதனால் சாப்பிட முடியாது என்கிற கதை.

இன்னும் கேளுங்கள். தம்பி திரும்பிப் போவதற்கு முதல் நாள், ஒரு மைக்ரோ எச்டிஎம்ஐ வயர் வாங்கி கேமராவையே நேராக டீவியில் மாட்டிப் பார்த்தோம். தப்புச் சத்தம் லயமே அதிர வந்தது. கேமரா எச்டிஎம்ஐ வழியாக அனுப்புவதும் எல்பிசிஎம்தான். ஒரே டீவி, ஒரே ஒலிபெருக்கி, ஒரே கூத்து. பின்பக்கத்தில் ஒரு துளையால் வந்தால் கேட்கிறது, அடுத்த துளையால் வந்தால் கேட்கவில்லை. அப்படியே பார்த்து முடித்திருப்போம், பாதியில் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை கேமரா தம்பியோடு கட்டாருக்குப் போய்விட்டது.

உங்கள் கையேட்டின் கடைசிக்கு முந்திய பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும். அதில் எம்பி4 வரிசையில் சத்தத்துக்கு ஏஏசி, எம்பி3, ஏசி3 என்று மூன்று. அதற்கு நாலு வரி கீழே, பாட்டுக் கோப்புகளுக்கான பகுதியில், வேவ் என்ற வரிசையில் எல்பிசிஎம் என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் யூஎஸ்பியில் வரும் எல்பிசிஎம்மும் உங்கள் டீவிக்குத் தெரியும். வீடியோவோடு சேர்ந்து வந்தால் மட்டும் தெரியாததுபோல் இருக்கிறது. 2009இல் வாங்கிய எங்கள் சின்ன கேமராவின் ஏவிஐ துண்டுகள்கூட இதில் சத்தத்தோடு ஓடுகின்றன. பிறந்தநாள் கேக் வெட்டுவது, கோயில் தேர் என்று 640க்கு 480 அளவில் மங்கலான படங்கள். பதினாறு வருஷத்துக்கு முந்திய கேமரா ஓடுகிறது, போன மாசம் எடுத்தது ஊமையாக இருக்கிறது.

நியாயத்தையும் சொல்கிறேன். தம்பி பரீட்சார்த்தமாக, நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 முறையில் ஒரு துண்டு எடுத்தான், அதற்குப் படமே வரவில்லை. அதை நான் உங்கள் மேல் போடமாட்டேன். அந்த வகையைப் பல டீவிகளில் விரிக்க முடியாது, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினியே இழுத்து இழுத்துத்தான் ஓட்டியது. ஆனால் சாதாரண எக்ஸ்ஏவிசி எஸ் அப்படிப்பட்ட அபூர்வப் பொருள் இல்லை.

கடைசியில் எங்களுக்கு உதவியது டவுனில் கொமினிகேஷன் (போன், போட்டோகொப்பி கடை) வைத்திருக்கும் மருமகன். எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு இலவச மென்பொருள். அதில் படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏஏசி ஆக்கினான். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. அதே பென் டிரைவ், அதே டீவி, இப்போது சத்தம் வந்தது. அப்பா தப்பைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார். "தோல் சரியாகக் காயவில்லை, நெருப்பில் இன்னும் கொஞ்சம் காட்டியிருக்க வேண்டும்" என்றார். அவர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் ரசிக்கிறார் என்று அர்த்தம்.

அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். தம்பி எடுத்தது நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள், மருமகனுக்குக் கடையும் இருக்கிறது. கொமினிகேஷன் வைத்திருக்கிற மருமகன் எல்லா வாடிக்கையாளர் வீட்டிலும் இருக்கமாட்டான். படம் அப்படியே இருக்க, சத்தத்தின் வகையை மாற்றியதும் ஓடுகிறது என்பதே குறை எங்கே என்று காட்டுகிறது. டீவியின் வலுவில் குறை இல்லை, உள்ளே போட்டிருக்கும் மென்பொருளில்தான் குறை. அதை நீங்கள் நினைத்தால் திருத்தலாம்.

அப்படி ஒரு மென்பொருளை அனுப்புங்கள் என்பது என் முதல் கோரிக்கை. இங்கே சிக்னல் மலையைப் பொறுத்தது, இணையத்தில் இறக்கிக்கொள்ளச் சொன்னால் மழை நாளில் நடக்காது. பென் டிரைவில் ஏற்றும்படியான கோப்பாக ஹட்டன் கிளைக்குக் கொடுத்தால் நான் போய் எடுத்துக்கொள்வேன். அதற்கு வழியில்லை என்றால், எம்பி4 ஓடும் என்று சொல்லி விற்ற டீவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, நான் கட்டிய பணத்தைத் தந்து, மீதித் தவணையையும் ரத்துச் செய்ய வேண்டும். 3,500 ரூபாயை எப்படியானாலும் திருப்பித் தர வேண்டும், சேனலை அழித்ததற்கு நான் கூலி கொடுக்க முடியாது. அந்த அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து டீவிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் விற்கிற பிள்ளைகளுக்கும் உதவியாக இருக்கும். எனக்கு டீவியை விற்ற தம்பி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. அதிகாரசபைக்கு முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தக் கெடு ஏப்ரல் 10ஆம் திகதி முடிகிறது. ஆகவே ஏப்ரல் 7ஆம் திகதி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். அதற்குள் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியோடு அங்கே எழுதுவேன். 1977 என்ற அவர்களுடைய தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பற்றுச்சீட்டின் பிரதியில் உள்ளன)

பி.கு.: பென் டிரைவ் ஒன்றை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதில் ரதி அழும் இரண்டு நிமிடத் துண்டு இரண்டு தடவை இருக்கிறது. முதலாவது கேமராவில் எடுத்தபடியே, இரண்டாவது மருமகன் சத்தம் மாற்றியது. இதே மாதிரி டீவி ஒன்றில் உங்கள் அலுவலகத்திலேயே போட்டுப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் பென் டிரைவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது பள்ளிக்கூடத்துச் சாமான்.