சாப்பிட்டியா என்று நான் கேட்பது

அன்பு மகனுக்கு,

செவ்வாய்க்கிழமை இரவு நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. “நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, ஏன்னே தெரியல, ஏதோ பெரிய தப்பு பண்ணிட்ட மாதிரியே இருக்கு” என்றாய். நான் உடனே “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற?” என்றாய். அப்புறம் இரண்டு பேருக்குமே பேச்சு ஓடவில்லை.

போனில் வராதது எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கண்ணா, அந்தக் கேள்வியை நான் பேச்சுக்காகக் கேட்கவில்லை. நீ சொன்ன படபடப்புக்கும் அதற்கும் நேரடியான சம்பந்தம் உண்டு. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஓர் இரவு அப்பா என்னை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாரே, நினைவிருக்கிறதா? தண்ணீர் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். “அம்மாவுக்கு வாயுத் தொல்லை” என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். உண்மை வேறு. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அப்போது ஓடிய ஒரே நினைப்பு.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை ஒரு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “நேத்து எழுந்ததுலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார். சொன்னேன். காலை ஐந்து மணிக்கு டீ. உங்களை அனுப்பிவிட்டு இன்னொரு டீ. ஆபீஸில் பதினொரு மணிக்கு ஒன்று. மாதக் கடைசி என்பதால் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டு மூடிவிட்டேன். மூன்று மணிக்குக் காபி, தலைவலிக்காக ஐந்தரைக்கு இன்னொரு காபி, வீட்டுக்கு வந்ததும் ஒரு டீ. ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே மிச்சம் மீதி. தூக்கம் நாலரை மணி நேரம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “உங்க மனசு பயப்படறதுக்கு முன்னாடியே உடம்பு பயந்துபோச்சும்மா” என்றார்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. ரத்தத்தில் சர்க்கரை குறைய ஆரம்பித்தால், அதைத் தூக்கி நிறுத்த உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. நாய் துரத்தினால் சுரப்பதும் அதே அட்ரினலின்தான். நெஞ்சு அடிப்பதும், கை நடுங்குவதும், வியர்ப்பதும் அதன் வேலை. ஆரோக்கியமான உடம்பில் ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடாது. ஆனால் இறங்காமல் பிடித்து வைக்க உடம்பு படும் பாடு இருக்கிறதே, அது ஏற்கெனவே கலங்கியிருப்பவருக்கு பயம் மாதிரியே தெரியும். கை நடுங்குவதைப் பார்த்த மனசு சும்மா இருக்காது, காரணம் தேடும். நேற்று மேலதிகாரி பேசிய தொனியோ, பதில் வராத ஒரு மெசேஜோ, கட்ட வேண்டிய கடனோ ஏதாவது ஒன்று கைக்குக் கிடைக்கும். இதனால்தான் பயம் என்று அதைப் பிடித்துக்கொள்ளும். “ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி” என்று நீ சொன்னபோது எனக்கு அதுதான் பளிச்சென்று பட்டது.

அந்த டாக்டரம்மா என்னை ஒரு நோட்டு போடச் சொன்னார். மணி, சாப்பிட்டது, தூங்கியது, மனசு எப்படி என்று நாலு கட்டம். மூன்று வாரம் எழுதினேன். அந்த நோட்டை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “11.40 — கை நடுக்கம். காலையில் சாப்பிடவில்லை. டீ 3. பயம்.” செவ்வாய்க்கிழமையும் 11.40தான். முந்தைய வாரம் 11.30. அந்த நேரத்தில்தான் எங்கள் கணக்குப் பிரிவு அதிகாரி தினமும் என்னைக் கூப்பிடுவார். அவரைக் கண்டால் எனக்கு பயம், அதனால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அவர் லீவில் இருந்த நாட்களிலும் அதே மணிக்கு அதே நடுக்கம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போன நாட்களில் அவர் திட்டியபோதுகூடக் கை நடுங்கவில்லை. அந்த மனிதர் மேல் எவ்வளவு வெறுப்பை வளர்த்து வைத்திருந்தேன் என்று நினைத்து அன்றைக்கு அழுதுவிட்டேன்.

காபி விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். போதும், தூங்கு என்று சொல்வது அதன் வேலை. காபி, டீயில் இருக்கும் காஃபின் போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு எங்கேயும் போவதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைகிறது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு என்று சொல்லப்படுவதும் அதே 400 மில்லிகிராம்தான், சுமார் நாலு கப் காபி. சிலருக்கு ஒரு கப்பே அதிகம், அது பிறவியிலேயே வருவது. எனக்கு ஆகவில்லை என்றால் என் வயிற்றில் பிறந்த உனக்கும் ஆகாமல் போகலாம்.

வீடியோ காலில் உன் மேஜை மேல் உயரமாக ஒரு டப்பா பார்த்தேன். எனர்ஜி டிரிங்க். அரை லிட்டர் டப்பா ஒன்றில் பெரும்பாலும் 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருக்கும். கூடவே ஏகப்பட்ட சர்க்கரை. தயவுசெய்து அதை மட்டும் முதலில் நிறுத்து. காபியை ஒரேயடியாக விடாதே, தலைவலியும் எரிச்சலும் வந்து, விட்டதால்தான் இப்படி என்று மறுபடி போய்விடுவாய். நாலு நாளைக்கு ஒருமுறை, தினமும் குடிப்பதில் ஒரு கப்பைக் குறை. மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

பசிக்கும் மனசுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்ததில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. 1944, 45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த மக்களைத் தேற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ள, அவர்களாகவே சம்மதித்து வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களே எரிந்து விழுந்தார்கள், சிரிப்பை மறந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள். அவர்களுடைய குணத்தில் எந்தக் கோளாறும் இல்லை. சாப்பாடுதான் இல்லை. நீயும் சில மாதமாக யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்கிறாய். ராத்திரி பத்து மணிக்கு ஒரு வேளை வயிற்றை அடைத்துவிட்டுப் பகல் முழுக்க காயப்போட்டால், அதுவும் ஒரு மாதிரி அரைப் பட்டினிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்ன சாப்பிடுவது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்பவரின் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வில் இருந்த 67 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, மறு பாதிக்கு ஆறுதலான பேச்சுத் துணை. காய்கறி, பழம், பருப்பு, தீட்டாத தானியம், கொட்டைகள், மீன் இவற்றைக் கூட்டி, இனிப்பையும் பொட்டலத் தீனியையும் குறைக்கச் சொன்னார்கள். 12 வாரத்தில் உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்குபோல மனச்சோர்விலிருந்து வெளியே வந்தார்கள். மற்றவர்களில் அது 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். அவர்களில் பலர் மருந்தோ சிகிச்சையோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு அவ்வளவு பலம் உண்டு என்பதை அலட்சியம் செய்ய என்னால் முடியவில்லை.

பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், அடிவயிறு கலங்குகிறது என்கிறோம். வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. அதில் உள்ள இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குத்தான் சேதி கொண்டுபோகின்றன. ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘இந்தப் பழத்தைத் தின்றால் செரட்டோனின் ஏறும், சந்தோஷம் பொங்கும்’ என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதே. செரட்டோனின் என்பது மனநிலையோடு சம்பந்தப்பட்ட ஒரு ரசாயனம். உடம்பில் இருக்கும் அதில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவது உண்மை. அது மூளைக்குள் நுழையாது என்பதும் உண்மை. ஒரு பொருளில் அற்புதம் கிடையாது. நேரத்துக்கு, ஒழுங்காக, தினமும் சாப்பிடுவதுதான் எனக்குப் பலன் தந்தது.

நீ வளர்ந்த பிள்ளை, குடியைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்தால் மனசு லேசாகிறது என்று ஒருமுறை சொன்னாய். ஆகும்தான். மூளையை அமைதிப்படுத்தும் வேலையை அது சில மணி நேரம் செய்யும். அது இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் எகிறும். பின்னிரவுத் தூக்கம் உடையும், விடியும்போது காரணமில்லாத திகில் வரும். சனிக்கிழமை காலையில் பேசும்போது உன் குரல் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நடப்பதை விட்டுவிடாதே. காலை வெயிலில் அரை மணி நேரம் போதும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் மனச்சோர்வு இருந்த 156 பேரை வைத்துப் பார்த்தார்கள். 16 வார முடிவில் உடற்பயிற்சி செய்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே என்று நான் சொல்லி நீ கேட்கப்போவதில்லை. சார்ஜரையாவது அடுத்த அறையில் வை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். நான் சாப்பாட்டால் மட்டும் தேறவில்லை. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், ஒரு மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசினேன். உனக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை என்று இப்போது தெரிகிறது. சாப்பிட்டாலும் தூங்கினாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரைப் பார். தைராய்டு, பி12, இரும்புச்சத்து மூன்றையும் பார்க்கச் சொல். தைராய்டு அதிகம் சுரந்தாலே படபடப்பும் நடுக்கமும் வரும், அதை மனசின் குற்றம் என்று நினைத்துத் திண்டாடுபவர்கள் உண்டு. நெஞ்சில் வலி வந்தாலோ மயக்கம் வந்தாலோ பதட்டம்தானே என்று படுத்துவிடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும் மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். முதல் நாலு பக்கத்துக்கு நானே கட்டம் போட்டுவிட்டேன். ஒரு வாரம் மட்டும் எழுது. எனக்குக் காட்ட வேண்டாம் என்றால் காட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். அதே கேள்வியைத்தான் கேட்பேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு கண்ணா.

அன்புடன்,
அம்மா