காத்தாடிக் கடன் பற்றிக் கேட்டாயே, கலா

அன்புள்ள கலா,

உன் மெயிலுக்குப் பதில் போடாமல் இழுத்தடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. மாமாவுக்குக் கண் ஆபரேஷன், பெரியவனுக்குப் பெண் பார்க்கும் படலம், நடுவில் மில்லில் ஆள் பற்றாக்குறை. ஒடிசாப் பையன்கள் சாத் பண்டிகைக்கு ஊருக்குப் போகிற பீகார்க்காரர்களோடு சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள், கேட்டால் துணைக்குப் போகிறோம் என்கிறார்கள். சரி, அதை விடு.

பழைய காத்தாடியை, அதாவது காற்றாலையை, கழற்றிவிட்டுப் புதியது போடுகிறோம் என்று கோயம்புத்தூர் பக்கமிருந்து கடன் கேட்டு உங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு நிறைய வருகிறது, இதில் பணம் போடலாமா என்று கேட்டிருந்தாய். பருவநிலை நெருக்கடிக்கு வங்கி என்ன செய்கிறது என்று மேலிடம் கேட்பதாகவும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள், முடிவு உன்னுடையது.

முதலில் ஒரு விஷயம். பூலவாடியில் எங்கள் காத்தாடிகளை மாமா போட்டது தொண்ணூறுகளில். பூமி சூடாகிறது என்று அவர் யோசித்திருந்தால் எனக்கு ஆச்சரியம். அப்போது காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி, வரி போடுகிற வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதோடு கரண்ட் கட் வேறு. வரியும் மிச்சம், மில்லும் ஓடும். பல்லடத்திலிருந்து முப்பந்தல் வரைக்கும் அன்றைக்குக் காத்தாடி வாங்கியவர்களில் பாதிப் பேர் ஆடிட்டர் சொல்லி வாங்கியவர்கள்தான். பிறகு 2012-ல் அந்தச் சலுகையை எடுத்தார்கள், 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள், நூறிலிருந்து ஏற்கெனவே 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததை 2017-ல் 40 ஆக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் புதுக் காத்தாடி வருவது அதற்குத் தகுந்தபடி கூடியது, குறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் வைகாசி பிறந்தால் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கடன் கோப்பில் காற்று வேகம் பற்றிய அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டாதே. பாங்கிங் என்ன என்று பார். உங்கள் பாங்கிங் இல்லை, மின்வாரியத்தின் பாங்கிங். ஆனி, ஆடியில் எங்கள் தேவைக்கு மேல் ஓடுகிற யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, தை மாசியில் காற்று படுத்திருக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் கணக்கு முடியும். நூறு யூனிட் போட்டால் 14 யூனிட் அவர்கள் கட்டணமாகக் கழித்துக்கொள்வார்கள், அப்படியும் எங்களுக்குக் கட்டும். ஆனால் இந்த வருடாந்திரக் கணக்கு 2018 மார்ச்சுக்குள் நிறுவிய இயந்திரங்களுக்குத்தான். அதற்குப் பிறகு வந்தவைக்கு அந்த வசதி கிடையாது. பழையதைப் பிடுங்கிப் புதியது வைத்தால் நாங்கள் எந்தக் கணக்கில் வருவோம், அதுதான் இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. மாநில அரசு 2024-ல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கக் கொள்கை ஒன்று வெளியிட்டதும் மில், காற்றாலைச் சங்கங்கள் எல்லாம் கொதித்ததற்குக் காரணம் இது மாதிரி ஷரத்துகள்தான்.

வாரியத்தையும் முழுக்கத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன் வைத்திருக்கிற நிறுவனம். நாங்கள் ஆடியில் கொண்டுபோய்க் கொட்டுகிற யூனிட் அப்போது அவர்களுக்கும் வேண்டாத சரக்கு, சில நாட்களில் காத்தாடியை நிறுத்தச் சொல்லியே உத்தரவு வரும். அதையே நாங்கள் காற்றில்லாத மாதத்தில் திருப்பிக் கேட்கும்போது அவர்கள் சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அந்த மாதிரி நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு சோலாரும் இருக்காது. அப்புறம் வடசென்னையில் 800 மெகாவாட் அனல்மின் நிலையத்தை ஏன் திறந்தார்கள், உடன்குடியில் ஏன் கட்டுகிறார்கள் என்று கேட்டால் பதில் இதுதான். தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குகிற குந்தா திட்டத்தை, 500 மெகாவாட், வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சேமித்து வைக்கிற வேலையை இத்தனை நாள் இலவசம் மாதிரி வாரியத்தின் தலையில் கட்டினோம், இனி அதற்கு யாராவது காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நியாயம் அது.

நாட்டின் மின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாதது ஆகிவிட்டது என்று 2025-ல் டெல்லி அறிவித்ததே, நீ கூட ஃபார்வர்ட் பண்ணியிருந்தாய். நல்ல செய்திதான். ஆனால் உண்மையில் ஓடுகிற மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் சுமார் 70 சதவீதம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. எங்கள் மில்லில் 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ நூற்க நாலைந்து யூனிட் ஆகும், அப்படியென்றால் வாரிய கரண்டில் நூற்ற நூலுக்கு மூன்று கிலோ கரியமிலக் கணக்கு. ஐரோப்பாக்காரன் இந்தக் கணக்கைத் திருப்பூர்க்காரரிடம் கேட்கிறான், திருப்பூர்க்காரர் எங்களிடம் கேட்கிறார், கேள்வித்தாளை நிரப்புவதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். இறக்குமதிச் சரக்கு எவ்வளவு கார்பன் கக்கி உருவானது என்று பார்த்து ஐரோப்பா போடுகிற எல்லைக் கார்பன் வரி இப்போதைக்கு இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவைக்குத்தான், துணிக்கு இல்லை. கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்காரர்கள் சிலர் அதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். எங்களுக்கு வரி இல்லாமலே கேள்வித்தாள் வந்துவிட்டது.

இதில் கூத்து என்ன தெரியுமா, அந்தப் பழைய காத்தாடிதான் இப்போது எங்களைக் காப்பாற்றுகிறது. மாமா வரிக்காக வாங்கியதை நான் பசுமை என்று எழுதி அனுப்புகிறேன். ஆனால் அதற்கும் ஆப்பு தயாராகிறது. கரியமிலக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற விதிமுறை ஒன்று உண்டே, ஜிஹெச்ஜி புரோட்டகால், 2025 அக்டோபரில் அதன் திருத்த வரைவை வெளியிட்டார்கள். எந்த மணி நேரத்தில் கரண்ட் செலவாகிறதோ அதே மணி நேரத்தில் உற்பத்தியானதைத்தான் பசுமை என்று காட்டலாம் என்பது அதில் ஒரு யோசனை. அது நடைமுறைக்கு வந்தால் ஆடியில் விளைந்த யூனிட்டைத் தையில் எரித்துவிட்டுப் பசுமை என்று எழுத முடியாது. கோவைக் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசக் காணோம். உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பார்.

நம் தனத்தின் வீட்டுக்காரர் சாயப்பட்டறை நடத்துகிறாரே, அவர் பாடு இன்னும் மோசம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் திருப்பூரே ஸ்தம்பித்தது உனக்கு நினைவிருக்கும். சாயக்கழிவில் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கிடந்த கிடைக்கு அந்தத் தீர்ப்பு வேண்டியதுதான். இப்போது ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே விடுவதில்லை, எல்லாவற்றையும் சுத்திகரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக்குகிறார்கள். அதற்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு விறகு! தண்ணீருக்கு நல்ல மார்க் வாங்கினால் கார்பனில் மார்க் போகிறது, கேட்கிற கம்பெனி இரண்டையும் வேறு வேறு தாளில் கேட்கிறது, சட்டைக்கு மட்டும் பழைய விலைதான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இதே கம்பெனிக்காரர்கள் தள்ளுபடி கேட்டதையும் மறக்கமாட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கடன் கொடு, ஆனால் வருடாந்திர பாங்கிங் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. அப்படியும் தவணை கட்ட முடிகிறதா பார். இன்னொன்று, நிலம். பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கொரு துண்டு நிலத்தில் நிற்கின்றன. இன்றைய இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரத்துக்கு இறக்கை அத்தனை நீளம், நாலைந்து பேர் ஒத்துக்கொண்டு இடத்தைச் சேர்த்தால்தான் ஒன்றே நிற்கும். எங்கள் பக்கத்துக் காத்தாடிக்காரரின் மூன்று வாரிசுகளும் ஒருவரோடொருவர் பேசி வருடமாகிறது. இதெல்லாம் உங்கள் இடர் மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டத்தில் வரும்?

நாங்களும் ஒரு வங்கியில் கேட்டுப் பார்த்தோம். பசுமைக் கடன் என்று வாசலில் பேனர், உள்ளே போனால் வட்டியில் கால் சதவீதம்தான் குறைவு, அதற்கு மில் போதாதென்று வீட்டுப் பத்திரமும் வேண்டுமாம். மாமா எழுந்து வந்துவிட்டார். உன் வங்கியில் இயந்திரத்தை மட்டும் ஈடாக வைத்துக் கொடுக்கிற திட்டம் இருக்கிறதா, தவணையைக் காற்று மாதங்களில் அதிகமாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் வாங்குவீர்களா? இந்த இரண்டையும் விசாரித்துச் சொல். மெயிலெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணு, பெண் பார்த்த கதையையும் அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தி