அக்காவுக்கு, கனடாவின் சட்பரியிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கவரில் இரண்டு பாகம் இருக்கிறது. நீலப் பேனாவில் எழுதியதை அம்மா கையிலேயே கொடு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவே வாசிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். கறுப்புப் பேனாவில் எழுதியது உனக்கு மட்டும். அதை உன் வீட்டுக்கு எடுத்துப் போய் வாசி.

(நீலம்)

அம்மாவுக்கும் அக்காவுக்கும் கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துதல்கள்.

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோம்தான். ஆனால் போனில் "சாப்பிட்டியா, குளிரா இருக்கா" என்பதோடு நேரம் போய்விடுகிறது. கடைக்கார மாமா மகன் டொரோன்டோவில் இறங்கியதும் நீங்கள் கொடுத்துவிட்ட பார்சலைத் தபாலில் அனுப்பி வைத்தான். போன செவ்வாய்க்கிழமை வந்தது. மஸ்கோத் அல்வா கொஞ்சமும் கெடவில்லை. பெட்டியைத் திறந்ததும் தேங்காய்ப்பால் வாசம் வந்தது. பையன் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இது முதலூர் கடைத்தெருவா?" என்று கேட்டான். நாலு வயதில் வந்த பிள்ளை, அந்தத் தெரு அவனுக்கு நினைவிருக்கிறது!

இங்கே மார்ச் மாதம் வந்தும் பனி விடவில்லை. ஜனவரியில் ஒரு நாள் மைனஸ் 31 போனது. அந்தக் குளிரில் வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் கட்டிக்கொள்ளும். கண்ணீர் வந்தால் இமை ஒட்டும். இப்போது நான் காரில் போவதில்லை, பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் பத்து நிமிடம் நடப்பது உடம்புக்கு நல்லதுதான். கவலைப்படாதீர்கள், உள்ளே மூன்று அடுக்கு போட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சு பேசுகிறவர், நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுப் படியையும் எங்கள் வீட்டுப் படியையும் சேர்த்துப் பனி வாரிவிடுவார். கதவைத் தட்ட மாட்டார், நன்றியும் எதிர்பார்க்க மாட்டார். ஒரு நாள் சூடாகச் சுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கருப்பட்டி போட்டது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த நாள் டம்ளரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, உள்ளே ஒரு சின்னப் பைன் மரக் கன்றை வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கன்றுக்கு ஒரு கதை இருக்கிறது. இந்த ஊரில் தாதுவை உருக்கிய கந்தகப் புகையால் மலையெல்லாம் மொட்டையாகி, பாறை கறுத்துப்போய்க் கிடந்ததாம். சந்திரனுக்குப் போன ஆட்களை 1971-லும் 72-லும் பாறையைப் படிக்க இங்கே கூட்டி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1978-ல் ஊர்க்காரர்களே சுண்ணாம்புத் தூள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, கையால் தூவி, விதை போட்டு, கன்று நட்டார்கள். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது தாத்தாவும் அந்த வேலைக்குப் போனவர். இப்போது ஒரு கோடி மரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரு மேடு முழுவதும் பச்சை. "அதில் எது நான் நட்டது என்று தெரியாது" என்று அவர் கையை விரித்துக் காட்டியபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவும் வடக்கு விளையில் பனங்கொட்டை ஊன்றும்போது, இதில் பதனீர் குடிக்கப் போவது பேரன்தான் என்று சொல்லிக்கொண்டேதானே ஊன்றுவார்.

நம் கோயில் அசன விருந்துக்கு இந்த வருடமும் வர முடியவில்லை. அந்தக் கறிச்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும், பெரிய அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறுகிற சத்தமும், முழு ஊரும் பந்தி பந்தியாக உட்கார்ந்திருப்பதும்... சரி, அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இங்கே ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகிறோம். முப்பது பேர் வருவார்கள், பாதிப் பேர் கைத்தடியோடு. ஆராதனை முறை நம் முறைதான், ஆனால் ராகம் வேறு. திருவிருந்து எடுத்துவிட்டு வந்து உட்காரும்போது நான் மனதுக்குள் தமிழில்தான் ஜெபிக்கிறேன்.

அம்மா, முருங்கைப் பொடி வந்து சேர்ந்தது. தினமும் ஒரு கரண்டி சாப்பிடுகிறேன். ரத்தச் சோகைக்கு டாக்டரும் மாத்திரை தருகிறார். உங்கள் ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

(கறுப்பு. அக்காவுக்கு மட்டும்)

அக்கா, அம்மாவிடம் ரத்தச் சோகை என்று சொல்லி நாலு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை முருங்கைப் பொடி வரும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அம்மா முழங்காலில் நின்று கேட்பது ஒரு வியாதிக்கு, எனக்கு இருப்பது வேறு வியாதி. ஆண்டவருக்குத் தெரியும், அவர் சரியான முகவரிக்குத்தான் அதை எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். இருந்தாலும் பொய் பொய்தான்.

உன் கடிதத்தில் ஓர் ஊழியக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாயே, விசுவாசம் நிறைவாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று. அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. கோபமில்லை. நீ என்மேல் உள்ள பாசத்தில்தான் எழுதினாய். ஆனால் இதை நான் நன்றாகச் சொல்லிவிட வேண்டும்.

என் ரத்தத்தில் இருப்பது நாள்பட்ட ஒரு வகைப் புற்றுநோய், சி.எம்.எல். என்பார்கள். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் ஒரு துண்டை மாற்றி ஒட்டிக்கொண்டதால் வந்தது. 1960-ல் பிலடெல்பியாவில் இரண்டு பேர் அதை முதலில் கண்டுபிடித்ததால் அந்த ஊர்ப் பேரையே வைத்துவிட்டார்கள். பிலதெல்பியா என்றால் சகோதர அன்பு என்று நம் உபதேசியார் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவாரே, ஞாபகமிருக்கிறதா? அந்தப் பேரை டாக்டர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு அந்தக் கரும்பலகைதான் கண்முன் வந்தது. யாருடைய பாவமும் இல்லை, அம்மா வழியில் வந்ததும் இல்லை. மேலத்தெரு சித்தி அப்படிப் பேசினால் நீ நிறுத்து. முதல் நாள் என் வெள்ளை அணு 1,80,000. சாதாரணமாக 11,000-க்குள் இருக்க வேண்டியது. இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி இருந்தது.

இதே வியாதி எனக்கு முப்பது வருடத்துக்கு முன் வந்திருந்தால் பையன் என்னைப் போட்டோவில்தான் பார்த்திருப்பான். நான் சாப்பிட்டு வந்த இமாட்டினிப் என்கிற மாத்திரை 2001-ல்தான் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை வருடம் ராத்திரி விழித்திருப்பார்கள்! அது ஆண்டவர் கையால் வந்தது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? வேதத்தில் வருகிற, ரத்தப்போக்கு நிற்காத பெரும்பாடுள்ள அந்த ஸ்திரீ பன்னிரண்டு வருடம் வைத்தியர்களிடம் போய்க் கைப்பொருளையெல்லாம் செலவழித்தாள். ஆண்டவர் அவளை அதற்காகக் கடிந்துகொள்ளவே இல்லையே. மகளே என்றுதானே கூப்பிட்டார். அவளுக்கு உடனே நின்றது. எனக்கு நிற்கவில்லை. அப்போஸ்தலன் பவுல் ஜெபித்தும் அவர் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற வானத்து அப்பம் ஒரு நாளுக்கு வேண்டியதுதான் விழுந்தது. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்துவிட்டது. என் மாத்திரையும் அப்படித்தான். இன்றைய மாத்திரை இன்றைக்குத்தான். நாலு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு அதை விழுங்கும்போது, ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லுவேன். குமட்டல் வரும், ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், காலையில் கண் ரப்பை வீங்கியிருக்கும். வீடியோவில் பார்த்துவிட்டு நீ "அழுதியா?" என்று கேட்பாயே, பல நாள் அது அழுகை இல்லை, மாத்திரை. சில நாள் அழுகையும்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற ரத்தப் பரிசோதனையில், நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற எண் ஏறிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் 0.08 சதவீதம் வரை இறங்கியிருந்தது. 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். நவம்பரில் 0.6, ஜனவரியில் 2.1. நடுவில் சில வாரம் மாத்திரை தவறிப்போயிற்று. ஏன் என்று கேட்காதே, அக்கா. விசுவாசத்தில் நிறுத்தியதும் இல்லை, விசுவாசம் குறைந்து நிறுத்தியதும் இல்லை. நடந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி இலவசம், வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அப்படி இல்லை. மாகாண அரசின் டிரில்லியம் திட்டம் இருக்கிறது. வருமானத்தில் சுமார் நாலு சதவீதம் நாம் கட்டினால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் இருந்து கணக்குத் தொடங்கும். இப்போது அதெல்லாம் ஒழுங்காகிவிட்டது. பணத்தைப் பற்றி நீ நினைக்கவே வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு வடக்கே சுரங்க முகாமில் இருபத்தொரு நாள் வேலை, ஏழு நாள் வீடு. நானும் முதியோர் இல்லத்தில் இரண்டு ராத்திரி கூடுதலாகப் பார்க்கிறேன். அங்கே ஒரு பாட்டி என் கையைப் பிடித்தால்தான் தூங்குவாள். அதனால் ராத்திரி வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

நீ ஊரிலிருந்து மாத்திரை வாங்கி அனுப்பவா என்று கேட்டிருந்தாய். 2013-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் இமாட்டினிப்பைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனிக்குக் காப்புரிமை கிடைக்காததால் நம் நாட்டில் பல கம்பெனி அதைச் செய்கிறது, மலிவுதான். ஆனால் இனி எனக்கு அது வேண்டியதில்லை, மருந்தையே மாற்றிவிட்டார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு நிலோட்டினிப் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலையிலும் ராத்திரியிலும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. லெந்து நாளில் வந்து சேர்ந்தது, தினம் இரண்டு உபவாசம். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இப்போது அந்த ஒரு மணி நேரத்தில் வேதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுகிறேன். தாத்தாவுக்கு விஷயம் தெரியும். அவர் ரோமன் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமைதோறும் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கிறார்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இந்த மருந்தும் பிடிக்காமல் போனால் வேறொருவர் மஜ்ஜை அணுவை மாற்றி வைக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. நீயும் தம்பியும் ஒரு பரிசோதனை செய்துகொண்டால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். ரத்தமோ, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பதோ, அவ்வளவுதான். வேலூர் சி.எம்.சி.யில் செய்வார்கள். கொடுக்க வேண்டி வந்தாலும் முதுகெலும்பில் துளை போடுவார்கள் என்று பயப்படாதே. பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, கையில் ரத்தம் எடுத்து மிஷினில் பிரித்துவிட்டு மீதியைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். இப்போதே யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆனால் அதற்கு முன் வேறொன்று நடக்க வேண்டும். பனைவிளை விஷயத்தில் நீயும் தம்பியும் பேசாமல் இருந்து ஒன்றரை வருடமாகிறது. அம்மா நடுவில் இரண்டு வீட்டுக்கும் குழம்பு கொண்டு நடக்கிறாள். என் பங்கை நான் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். அத்தான் பேரில் பவர் எழுதி, டொரோன்டோவில் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளை, அந்த நாற்பது பனையும் அவனுக்குத்தான் வேண்டும். உன் பங்கை நீ என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். மூத்தவள் நீ.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்திரம் பதிவாகி அவன் கையில் சேரும் வரைக்கும் என் வியாதியை அவனிடம் சொல்லாதே. சொன்னால், ரத்தம் கேட்கத்தான் விளையைக் கொடுத்தாள் என்று அவன் பெண்டாட்டிக்குத் தோன்றும், அவனுக்கும் தோன்றும். விளை வேறு, இது வேறு. அவன் மாட்டேன் என்றாலும் விளை அவனுடையதுதான். ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்கு நீயே போ. முதல் வார்த்தை நீ பேசு. சின்ன வயதில் அவன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது நீதானே தோளில் போட்டு நாசரேத் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு ஓடினாய்.

அப்புறம், உன் மகள் கல்யாணத்துக்கு நான் வர முடியுமா என்று இன்னும் தெரியவில்லை. ஜூன் மாத ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பாத்திரச் சீரில் பித்தளைக் குத்துவிளக்கை என் கணக்கில் வாங்கிவிடு. அப்பாவின் மோதிரம் உன் பீரோவில் என் பேரில் இருக்கிறதே, அதை மாற்றி வாங்கு. பரவாயில்லை, எனக்கு இங்கே அது போட விரல் வீங்கியிருக்கிறது. மேற்கு அறைக் கூரை ஓடுகளை மழைக்கு முன் மாற்றச் சொல். அம்மா கட்டிலை அந்த மூலையில் இருந்து நகர்த்து, அங்கேதான் எப்போதும் ஒழுகும்.

வேலூர் போனால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போங்கள்.

உன் தங்கச்சி