எழுதாமல் விட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானங்களின் பராமரிப்புப் பதிவேடுகள் அரைகுறையாக இருப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். “வேலையைத்தான் செய்துவிட்டார்களே, நோட்டில் எழுதாதது ஒரு பெரிய விஷயமா?” என்று டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். அங்கேயே பதில் சொன்னேன். மனம் ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கடலூரில் ஓர் ஆலையில் பிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் இரவு ஷிப்டில் நீராவிக் குழாயின் இணைப்பில் கசிவு. லைனை அடைத்துவிட்டு, கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றுவதற்காக எட்டு போல்ட்டில் நான்கைக் கழற்றியிருக்கிறார்கள். சரியான அளவில் கேஸ்கெட் இல்லை, காலையில் ஸ்டோர் திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சங்கு ஊதியது, வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாக் புத்தகத்தில் இருந்தது ஒரே வரி: “லீக் பார்க்கப்பட்டது.” காலை ஷிப்டுக்கு வந்த நான் அதைப் படித்து, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வால்வைத் திறக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற உதவியாளருக்கு முழங்கை வரை வெந்துபோயிற்று. அப்புறம் குனிந்து பார்த்தால், கழற்றிய நான்கு போல்ட்டும் குழாய்க்கு அடியில் ஒரு பழைய டால்டா டின்னில் இருந்தன. துடைத்து, மரையில் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். இரவு ஷிப்ட்காரர் அக்கறையில்லாதவர் இல்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதே கதை விமானத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1991 செப்டம்பர் 11 அன்று கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று விழுந்து, அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு, வால் இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. ஒரு ஷிப்ட்காரர்கள் இடது பக்கத்தின் மேல்வரிசையில் 47 ஸ்குரூக்களைக் கழற்றினார்கள். அந்த விவரம் எழுத்தில் அடுத்த ஷிப்டுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் வலது பக்க வேலையை முடித்து விமானத்தை அனுப்பிவிட்டார்கள். வால் இறக்கை உச்சியில் இருக்கும் வகை விமானம் அது. தரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மேல்வரிசை தெரியாது. காலையில் ஒரு பயணம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பயணத்தில் முன்விளிம்பு பிய்த்துக்கொண்டது.

சில பிழைகள் அடுத்த நாளே வெளியே வராது என்பதுதான் இதில் பயங்கரம். 1980-ல் ஹாங்காங்கில் ஓடுபாதையில் வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் விமானத்துக்கு முறைப்படி இல்லாத ஒட்டுவேலை செய்தார்கள். 22 ஆண்டுகள் பறந்த பிறகு, 2002 மே 25 அன்று அது நடுவானில் உடைந்து 225 பேர் போனார்கள். அந்த ஒட்டு எப்படிப் போடப்பட்டது என்ற விவரமான பதிவு விசாரணைக் குழுவுக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூனில், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. டெல்லி, மும்பை போன்ற பெரிய விமான நிலையங்களில் சோதனை நடத்தியது. விமானத்தின் கருவிகளே காட்டிய பழுதுகள் தொழில்நுட்பப் பதிவேட்டில் ஏறவில்லை என்றும், ஒரே பழுது பலமுறை திரும்ப வந்திருக்கிறது என்றும் அதன் அறிக்கையே சொன்னது. ஏழு நாளில் சரிசெய்யச் சொன்னார்கள், சரி. ஆனால் எந்த நிறுவனம் என்று அந்த அறிக்கையில் இல்லை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ. அவர்களுக்கு அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

பயணிகளான நம்மிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனேன். மூன்றாவது வரிசையில் இருக்கை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவை மூடவில்லை. காக்பிட் வாசலில் ஒரு இளம் என்ஜினியர், புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை விரல் வைத்து மறுபடி படித்தார், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். “ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு நேரம்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அந்தப் பையன் திரும்பவில்லை, ஆனால் காது சிவந்துபோனது தெரிந்தது. அவர் கீழே இறங்கும்போது எழுந்து நின்று கும்பிட்டேன். இப்படி நாலு பேர் கத்தினால், ஐந்தாவது முறை அந்தக் கை ஒரு வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும்.

எங்கள் ஆலையில் அந்த விபத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். போகிறவரும் வருகிறவரும் கால் மணி நேரம் சேர்ந்து இருப்பார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு, இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு. விமானப் பராமரிப்புப் பிரிவு ஒவ்வொன்றிலும் இந்த நேரம் உண்மையிலேயே கொடுக்கப்படுகிறதா என்று டி.ஜி.சி.ஏ. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கெடு முடிந்தும் திருத்தாத நிறுவனத்தின் பெயரை வெளியிட வேண்டும். தாமதம் ஆனாலும் பரவாயில்லை என்று பழுதை எழுதி விமானத்தை நிறுத்துகிற என்ஜினியருக்கு மேலிருந்து ஒரு மெமோகூட வரக்கூடாது.

விமான நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். “தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்” என்று மொட்டையாக அறிவிக்காதீர்கள். “என்ஜினியர் பதிவேட்டை முடித்துக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் கிளம்புவோம்” என்று தமிழிலும் சொல்லுங்கள். நாங்கள் காத்திருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஃபோர்மேன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.