பெயருக்கு மட்டும் போதும் அந்த வளைவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரோஸ் ஹில்லில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பினோ (Zapfino) என்ற, கையால் சுழித்து எழுதியது போன்ற ஆங்கில எழுத்துருதான் வேண்டும் என்கிறார்கள். ஜெர்மன் கலைஞர் ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்து 1998-இல் வெளிவந்தது. அழகுதான், யார் மறுத்தது? அதில் சிறிய ‘எஃப்’ எழுத்தின் வால் அடுத்த வரிக்குள்ளேயே இறங்கிவிடும். மாப்பிள்ளை, பெண் பெயரைப் பெரிதாக, சுற்றிலும் இடம் விட்டுப் போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

சரி, மண்டப விலாசமும் முகூர்த்த நேரமும் அதிலேயே, அதுவும் பொடி எழுத்தில் கேட்டால்? தாத்தா எப்படிப் படிப்பார்? முழுப் பெயரையும் கேப்பிட்டலில் கேட்பவர்களும் உண்டு. சுழிகள் முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம், பக்கத்தில் வரும் தமிழ்ப் பெயரைத் தடித்த எழுத்தில் போடாதீர்கள். மெலிந்த எழுத்தே அதோடு சேரும்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்